குதிரை நகர்ந்தால் சுருதி நகரும்



தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் தீபாவளிக் கலை இரவிலும் நம் பையன்கள் மேடையேறி வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பாடுகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள். கீபோர்டுக்காரனைப் பாதிப் பேர் பார்ப்பார்கள். மேடை ஓரத்தில், நீண்ட கழுத்துள்ள நான்கு தந்திக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறவனை அவனுடைய அம்மா மட்டுந்தான் பார்ப்பார். ஆனால் அவன் கை நின்றுவிட்டால் பாட்டு நொண்டத் தொடங்கிவிடும். அவன் கையில் இருப்பதுதான் பேஸ் கித்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’ படத்தோடு வந்த இளையராஜாவின் பாடல்களைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டுப் போல் ஓடுகிறதே, அந்தத் தடித்த நாதம், அதைத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இது அடிக்கோல், பென்சில், நூல் ஆகிய மூன்றையும் வைத்துச் செய்கிற காரியம். தவிரவும், சரியாக அளக்கத் தெரியாததால் ஒரு பிள்ளையின் பெயர் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா பால் மரம் வெட்டுகிறவர். மூத்த பையன் நான்காம் படிவத்தில் படிக்கிறான். பட்டணத்தில் ஒருவரிடமிருந்து பழைய பேஸ் கித்தார் ஒன்றை, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசில் வாங்கிக் கொடுத்தார்கள். பையன் நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் வாசிப்பான். கழுத்தின் கீழ்ப்பகுதியில் சரியாகவே ஒலிக்கும். விரல் மேலே ஏற ஏறப் பாட்டோடு ஒட்டாது. மெல்லிய தந்தியோ சில நேரம் கழுத்தின் ஓரத்தைத் தாண்டி விரலுக்குத் தப்பிவிடும். “உனக்குக் காது இல்லடா தம்பி” என்று குழுவில் இருந்த அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். பையன் வாசிப்பதையே விட்டுவிட்டான். “வித்துடலாமா சார்?” என்று அப்பா வந்து கேட்டார். விற்பதற்கு முன்னால் அளந்து பார்ப்போம் என்றேன்.

எதை அளப்பது, ஏன் அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேஸ் கித்தாரின் தந்திகளை ஒரு முனையில் ‘நட்’ என்னும் சிறு கட்டை தாங்குகிறது. அது தலைப்பக்கம் இருக்கிறது. மறுமுனையில், உடம்பின் மேல், ஓர் உலோகத் தகடு தாங்குகிறது. பையன்கள் அதைப் ‘பிரிட்ஜ்’ என்பார்கள். வீணைக்காரர்கள் தங்கள் வாத்தியத்தில் இதே வேலையைச் செய்வதைக் ‘குதிரை’ என்று சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். அந்தக் குதிரையின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறிய உலோக இருக்கை உண்டு. ஆங்கிலத்தில் அதற்குச் ‘சேடல்’ என்று பெயர். சேடல் என்றால் சேணம்தானே! குதிரைக்கு மேல் சேணம் என்று வைத்துக்கொண்டால் பெயர் மறக்காது.

கழுத்தின் மேல் ‘பிரெட்’ என்னும் குறுக்குக் கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் 1951-ல் தம் பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆள் உயரமுள்ள பெரிய வாத்தியத்தை நிமிர்த்தி வைத்துத்தான் இந்தத் தடித்த நாதத்தை எழுப்பினார்கள். அதில் குறுக்குக் கம்பி கிடையாது. விரல் சிறிது விலகினாலும் சுருதி விலகும். பெண்டர் குறுக்குக் கம்பிகளைப் பதித்துச் சுருதியை நிலைநிறுத்தினார். அதனால்தான் தம் கித்தாருக்குப் ‘பிரிசிஷன்’ என்று பெயர் வைத்தார். துல்லியம் என்று பொருள்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குறுக்குக் கம்பிகள் தொழிற்சாலையிலேயே பதிந்துவிட்டவை, நம்மால் நகர்த்த முடியாது. நம் கையால் நகர்த்தக்கூடியது குதிரையும் சேணமும்தான். அவை தம் இடத்தில் இல்லாவிட்டால் குறுக்குக் கம்பிகளின் துல்லியம் முழுவதும் வீண். பெண்டரின் முதல் பேஸில் இரண்டு சேணங்களே இருந்தன. இரண்டு தந்திகள் ஒரு சேணத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். 1957-ல் மாற்றி அமைத்தபோது தந்திக்கு ஒரு சேணமாக நான்கு வைத்தார்கள். இன்று கடையில் காணும் பெரும்பாலான கித்தார்கள் அந்த வழியில் வந்தவைதாம்.

இப்போது சோதனைக்கு வருவோம். இரண்டே சோதனைகள்.

முதலாவது, சுருதிச் சோதனை. பன்னிரண்டாம் குறுக்குக் கம்பி தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. வழக்கமான பேஸ் கித்தாரில் தந்தியின் நீளம் 34 அங்குலம். ஆகவே நட்டிலிருந்து பன்னிரண்டாம் கம்பிக்கு 17 அங்குலம். தந்தியைத் திறந்த நிலையில் மீட்டிச் சுருதி சேருங்கள். பிறகு பன்னிரண்டாம் கம்பியில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் முள் நடுவில் நிற்க வேண்டும். அழுத்தியபோது சுருதி கூடிவிட்டால் தந்தியின் நீளம் போதவில்லை என்று பொருள். சேணத்தைக் கழுத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பின்னால் நகர்த்துங்கள். குறைந்துவிட்டால் கழுத்தை நோக்கி முன்னால் நகர்த்துங்கள். சேணத்தின் பின்னால் உள்ள திருகாணி இதற்குத்தான். ஒவ்வொரு முறையும் தந்தியைச் சிறிது தளர்த்திக்கொண்டு திருகுங்கள். பிறகு மறுபடி சுருதி சேர்த்துச் சோதியுங்கள். பொறுமை வேண்டும்.

இரண்டாவது, இடைவெளிச் சோதனை. கழுத்தின் கடைசிக் குறுக்குக் கம்பிக்கு மேலே பாருங்கள். தடித்த ஈ தந்திக்கும் அந்தப் பக்க ஓரத்துக்கும் எவ்வளவு இடம்? மெல்லிய ஜி தந்திக்கும் அதன் ஓரத்துக்கும் எவ்வளவு? இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பையனின் கித்தாரில் ஒரு பக்கம் 7 மில்லிமீட்டர், மறுபக்கம் 3 மில்லிமீட்டர். தந்தி ஏன் ஓரத்தைத் தாண்டி நழுவியது என்பது அப்போதே விளங்கிவிட்டது.

அந்த அப்பா அடிக்கோலைக் குனிந்து பார்த்துவிட்டு, “ரெண்டு மில்லி தள்ளி நிக்குது சார்” என்றார். பால் மரம் வெட்டுகிறவருக்கு மில்லிமீட்டரைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டுமா? ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டை போகக் கூடாது, கத்தி மரத்தின் உயிர்ப்பட்டையைத் தொடக் கூடாது என்று விடியற்கால இருட்டிலேயே கையால் அளந்து பழகியவர் அவர். இந்த வேலைக்கு வேண்டியது அந்தக் கண்ணும் அந்தக் கையும்தான்.

இடைவெளி கோணலாக இருந்தால் உடனே குதிரையைக் கழற்றிவிடாதீர்கள். கித்தாரைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான பேஸ்களில் கழுத்தை உடம்போடு நான்கு திருகாணிகள் பிடித்திருக்கும். தந்திகளைத் தளர்த்தி, அந்த நான்கையும் அரைச் சுற்று இளக்கி, கழுத்தை மெல்லப் பக்கவாட்டில் அசைத்து, மறுபடி இறுக்குங்கள். பல கித்தார்களில் நோய் இதோடு தீர்ந்துவிடும். காசு செலவே இல்லை.

அதில் தீரவில்லையென்றால் சேணங்களைப் பாருங்கள். சில சேணங்கள் உருளை வடிவில், மரையாணி போல் பல வரிகள் போட்டிருக்கும். அப்படியானால் தந்தியைத் தளர்த்தி, தூக்கி, வேண்டிய வரியில் வைத்துவிடலாம். சிலவற்றில் சிறு உருளைச் சக்கரம் இருக்கும். அதைத் திருகிப் பக்கவாட்டில் நகர்த்தலாம். ஒரே ஒரு பள்ளம் மட்டும் உள்ள சேணமானால் இடைவெளியை மாற்ற வழியில்லை. குதிரையைத்தான் மாற்ற வேண்டும்.

தந்திக்குத் தந்தி எவ்வளவு இடைவெளி வேண்டும்? பெண்டர் வழியில் வந்த நான்கு தந்திக் கித்தார்களில் சேணத்தின் மேல் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது முதல் தந்தியின் நடுவிலிருந்து நான்காம் தந்தியின் நடுவுக்கு 57 மில்லிமீட்டர். இதைவிடக் குறுகலாக அமைந்தவையும் உண்டு. கட்டை விரலால் அடித்து வாசிப்பவனுக்கு அகலம் வசதி. இரண்டு விரலால் ஓட்டி வாசிப்பவன், கை சிறுத்தவன் ஆகியோருக்குக் குறுகல் வசதி.

பல வரிகள் உள்ள சேணத்தில் இடத்தை நீங்களே தேர்ந்துகொள்ளும்போது ஒரு நுட்பம் உண்டு. ஈ தந்தி தடித்தது, ஜி தந்தி மெல்லியது. நடுவுக்கு நடு சமமாக வைத்தால் தடித்த தந்திகளுக்கிடையே விரல் நுழையும் இடம் குறைந்துபோகும். ஆகவே தந்திகளின் ஓரத்துக்கு ஓரம் சமமாக வைப்பது நல்லது. வழக்கமான தடிமனுள்ள தந்திகளுக்கு, 57 மில்லிமீட்டர் அகலத்தில், ஈ-யிலிருந்து ஏ-க்கு 19.5, ஏ-யிலிருந்து டி-க்கு 19, டி-யிலிருந்து ஜி-க்கு 18.5 என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டிப் பாருங்கள், 57 வரும்.

பையனின் கித்தாரில் கழுத்தை அசைக்க இடமில்லை. சேணத்தில் ஒரே பள்ளம். போதாததற்கு, வியர்வையும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்து திருகாணிகளைத் துருப்பிடிக்க வைத்திருந்தன. நான்கு சேணங்களும் ஒரே வரிசையில் இறுகிக் கிடந்தன. சுருதி எப்படிச் சேரும்? குதிரையை மாற்றுவது என்று முடிவு செய்தோம். மாற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் குதிரையின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். சிறு பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்பார்களே, அதே வித்தைதான். தகட்டின் அளவு, திருகாணிகளின் இடம் எல்லாம் தாளில் பதிந்துவிடும். அதிலேயே முதல் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் உள்ள அகலத்தையும், தகட்டிலிருந்து தந்தி நிற்கும் உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தந்தி குதிரையின் பின்புறமாகக் கோக்கப்படுகிறதா, உடம்பின் முதுகுப்பக்கமிருந்து துளை வழியாக வருகிறதா என்பதையும் குறியுங்கள். பெண்டர் வகைக் குதிரையில் பின் ஓரத்தில் ஐந்து திருகாணிகள் வரிசையாக இருக்கும். உங்கள் தாளோடு பொருந்தும் குதிரையை வாங்கினால் புதிய துளை போட வேண்டியதில்லை. குதிரையின் அகலம், உடம்பில் பதிந்துள்ள காந்தக் கட்டைகளோடும் ஒத்துப்போக வேண்டும். தந்தி காந்தத்தை விட்டு விலகி ஓடினால் அதன் ஒலி மட்டும் மெலிந்து கேட்கும்.

தந்திகளைக் கழற்றும்போது நான்கையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். சுருதி சேர்ந்த நான்கு தந்திகள் சேர்ந்து இழுக்கும் விசை 80 கிலோவுக்கு அருகில் வரும். எட்டுப் பத்துக் கிலோ அரிசிப் பைகளைக் கழுத்து தாங்கி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தை ஒரே நொடியில் வெட்டி எறியக் கூடாது.

திருகாணிகளைக் கழற்றிக் குதிரையை மெல்லத் தூக்குங்கள். அடியில் ஒரு மெல்லிய கம்பி மரத்திலிருந்து வந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை அறுத்துவிடாதீர்கள். தந்திகளை மண்ணிணைப்போடு சேர்க்கும் கம்பி அது. அது விட்டுப்போனால் ஒலிபெருக்கியில் ‘உம்’மென்ற இரைச்சல் ஓயாது. புதுக் குதிரையின் அடியிலும் அது நன்றாகத் தொட வேண்டும்.

குதிரையை வேறிடத்தில் வைக்க வேண்டியிருந்தால் பழைய துளைகளை அடைக்க வேண்டும். சாத்தே குச்சியைத் துளை அளவுக்குச் சீவி, மர ஒட்டுப் பசை தடவி, இறுக்கமாகச் செருகி, ஓர் இரவு முழுதும் காயவிட்டு, மறுநாள் மட்டமாக வெட்டுங்கள்.

இனி அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுங்கள். நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் இரண்டு நூல்களைப் புதுக் குதிரையின் ஓரச் சேணங்களுக்கு இழுத்துக் கட்டுங்கள். கடைசிக் குறுக்குக் கம்பியின் மேல் இருபுறமும் சம இடம் வரும்வரை குதிரையை நகர்த்துங்கள். பையனின் கித்தாரில் அங்கே 2 மில்லிமீட்டர் திருத்தம் தேவைப்பட்டது. அதற்குக் குதிரையை 3 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டியிருந்தது. தந்திகள் நட்டிலிருந்து விரிந்துகொண்டே வருகின்றன அல்லவா? தொலைவு கூடக் கூட விலகலும் கூடும். கணிதப் பாடத்தில் வரும் முக்கோணம்தான் இது.

நீளவாக்கிலும் அளவு பார்க்க வேண்டும். நட்டிலிருந்து பன்னிரண்டாம் கம்பிவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஜி தந்தியின் சேணம் அந்த இடத்தில், பின்னால் போகவும் இடம் வைத்து, நிற்க வேண்டும். தடித்த தந்தியின் சேணம் அதைவிடச் சில மில்லிமீட்டர் பின்னால்தான் நிற்கும். சரியாக வைத்த குதிரையில் நான்கு சேணங்களும் படிக்கட்டுப் போல் சாய்வாக நிற்பதைப் பார்க்கலாம். அது கோணல் இல்லை, முறை.

இடம் உறுதியானதும் பென்சிலால் குறியிட்டு, திருகாணியைவிட மெல்லிய துளை போடுங்கள். துளைக்கும் ஊசியில் வேண்டிய ஆழத்தில் ஒட்டு நாடாவைச் சுற்றிக்கொண்டால் அளவுக்கு மேல் இறங்காது. திருகாணியின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுத் திருகினால் மரம் பிளக்காது. பிறகு தந்திகளைக் கோத்து, அறுகோணச் சாவியால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கழுத்தின் மேற்பகுதியில் குறுக்குக் கம்பிக்கும் தந்திக்கும் இடையே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்கு நோகாது, தந்தியும் கம்பியில் உரசாது. கடைசியாக, நாம் முதலில் பார்த்த சுருதிச் சோதனையைச் செய்யுங்கள். வாசித்து முடித்த ஒவ்வொரு முறையும் தந்திகளையும் குதிரையையும் காய்ந்த துணியால் துடைத்து வைத்தால் துரு அவ்வளவு விரைவில் அண்டாது.

அப்பாவும் மகனும் உட்கார்ந்து இரண்டு மாலைப் பொழுதில் இதை முடித்தார்கள். அளந்தவன் மகன், துளை போட்டவர் அப்பா. பன்னிரண்டாம் கம்பியில் விரலை வைத்ததும் சுருதி சேர்ந்து நின்றது. “நான் சரியாத்தான்பா அமுக்கியிருக்கேன்” என்றான் பையன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கித்தாரை விற்கும் பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

பெற்றோர்களுக்கு முக்கியமான ஓர் எச்சரிக்கை. தந்திகள் குதிரை வழியாக ஒலிபெருக்கியின் மண்ணிணைப்போடு சேர்ந்திருக்கின்றன என்று சொன்னேன். ஒலிபெருக்கி சரியாக இருந்தால் அது பாதுகாப்பு. அதன் மண்ணிணைப்பு அறுந்து, உள்ளே மின்சாரமும் கசிந்தால், அதே வழியில் தந்தியைத் தொடும் கைக்கு மின்சாரம் வந்துவிடும். ஆகவே மூன்று கால் செருகியை இரண்டு கால் ஆக்காதீர்கள். நீளமான மேல் கால்தான் மண்ணிணைப்பு. பேனாவையோ குச்சியையோ மேல் துளையில் செருகி இரண்டு கால் செருகியை நுழைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். திருவிழா மேடையில் மழை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று வாசிக்க விடாதீர்கள். தந்தியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று தைத்தால், அந்த நொடியே வாசிப்பதை நிறுத்தி, மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பாட்டு நாளைக்கும் பாடலாம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும், தோட்டத்தைவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களிலும் பையன்களும் பெண்பிள்ளைகளும் இன்னும் வாசிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பிறர் வாசித்துக் கழித்த வாத்தியம்தான். அதில் குறை இருக்கும். அந்தக் குறையைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடாதீர்கள். காது இல்லை, கை வராது, படிப்பு ஏறாது என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அந்தச் சொல் பிள்ளையின் மனத்தை விட்டுப் போக வருடக் கணக்காகும். சொல்வதற்கு முன் அடிக்கோலை எடுத்து ஒரு முறை அளந்து பாருங்கள்.

உங்கள் வீட்டு மூலையில் உறையோடு சாத்தி வைத்த கித்தார் ஏதேனும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப் பன்னிரண்டாம் கம்பியில் விரல் வைத்துப் பாருங்களேன்.